லோயர் கேம்ப் சாலையில் ஓர் அமெரிக்கக் குடும்பம்

2024 மே 14, செவ்வாய்க்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போட்டேன். பால் காய்ச்சினேன். கணவர் திராட்சைப் பந்தலுக்கு மருந்தடிக்கப் போய்விட்டார். பள்ளிக்கு விடுமுறை என்றாலும் வாரத்தில் ஒரு நாள் போய் வேதியியல் ஆய்வகத்தைத் திறந்து, அமில பாட்டில்களின் மூடிகளைச் சரிபார்த்து, பெயர் மங்கிய சீட்டுகளைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒட்டுவேன். ஆய்வக உதவியாளராகச் சேர்ந்த நாளிலிருந்து அதுதான் வழக்கம். அன்றைக்கும் அதை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அமெரிக்காவில் இருக்கும் மகள் கயலைப் பார்க்கக் கிளம்ப நான்கு நாட்கள் இருந்தன. பெட்டிக்குள் எது எங்கே இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி மூடியின் உள்பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தபோது தம்பி முருகேசன் வந்தான்.

"அக்கா, ஒனக்கு ஒரு வேலை வச்சிருக்கேன்."

"கயலுக்கு ஊறுகா குடுத்துவிடப் போறியா? பெட்டியில எடமில்ல."

"குடுக்க ஒண்ணுமில்ல. வாரப்ப வாங்கியாரணும். அந்தக் காலத்து அமெரிக்காப் படம். காரு, ரோடு, பெட்ரோல் பங்கு, ரோட்டோரத்துல நிறுத்திச் சாப்புடுறது, அந்த மாதிரி. ஒனக்குத்தான் தெரியும்ல, நம்ம நோட்டு அட்டை."

தெரியும். நாங்கள் படித்த, கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கு அமெரிக்காவிலிருந்து பழைய பத்திரிகைகள் கட்டுக்கட்டாக வரும். எங்கள் கைக்கு வரும்போது அவற்றுக்கு எங்களைவிட வயது அதிகம். பள்ளி திறந்த முதல் வாரம் சிஸ்டர் அவற்றைத் தாள் தாளாகப் பிரித்து, நோட்டுக்கு அட்டை போட்டுக்கொள்ளச் சொல்லிக் கொடுப்பார். வழுவழுப்பான தாள். மழையில் நனைந்தாலும் சீக்கிரம் ஊறாது. என் நான்காம் வகுப்பு பூகோள நோட்டுக்கு வாய்த்த படத்தில், மீன் வாலைப் போலப் பின்பக்கம் தூக்கிய நீலநிறக் கார் ஒன்று சாப்பாட்டுக் கடை முன்னால் நிற்கும். காரின் கண்ணாடியில் கொக்கி போட்டு ஒரு தட்டை மாட்டியிருப்பார்கள். உள்ளே இருக்கும் குடும்பம் இறங்காமலே சாப்பிடும். அந்த அட்டைக்காகத் தன் புதுப் பென்சிலைத் தருவதாக முருகேசன் சொன்னான். நான் கொடுக்கவில்லை.

எங்கள் அப்பா ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டினார். ஒரு சாயங்காலம் அவர் வந்து வண்டியை நிறுத்தியதும், முருகேசன் சோற்றுத் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி, ஜீப்பின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நின்றான். அப்பாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. இறங்காமல், ஸ்டியரிங்கில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு முழுச் சோற்றையும் அங்கேயே சாப்பிட்டு முடித்தார்.

முருகேசனும் பிறகு ஜீப்தான் ஓட்டினான். இடுப்பு வலி வந்ததும் அதை விட்டுவிட்டுக் கம்பம் நகரில் ஒரு சாப்பாட்டுக் கடை போட்டான். அது ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை. இப்போது கூடலூரைத் தாண்டி லோயர் கேம்ப் போகும் சாலையில் இடம் பிடித்திருந்தான். குமுளி மலை ஏறுகிற வண்டியும் இறங்குகிற வண்டியும் அந்த இடத்தைக் கடந்துதான் ஆக வேண்டும். வண்டியில் உட்கார்ந்தபடியே சாப்பிடலாம், கண்ணாடியில் தட்டு மாட்டித் தருவார்கள், கடைச் சுவர் முழுக்கப் பழைய அமெரிக்கப் படங்கள் இருக்கும். இதுதான் அவன் திட்டம். சமையல் அவன் மனைவி பாண்டியம்மாள்.

"இதுவும் படுத்துச்சுன்னா அவ்வளவுதான்க்கா. நான் அடுத்தவன் ஜீப்புலதான் ஏறணும். பாண்டியம்மா அவ அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன்னுட்டா. அவ போனா வரமாட்டா."

"படந்தான வேணும்? செல்லுலயே எடுத்துப் பெருசு பண்ணிக்கலாமேடா."

"அது எல்லாவன் கடையிலயும் தொங்குது. நெசமான படம் வேணும். கையில புடிச்சுப் பாத்த படம்."

சீட்டின் கடைசியில் "படம் – முருகேசன்" என்று எழுதி ஒட்டினேன்.

விமானப் பயணத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பெட்டி வந்து சேர்ந்தது. கயல் இருப்பது ஓக்லஹோமா மாநிலம். செம்மண், ஓயாத காற்று, தூரத்தில் காற்றாலைகள். ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டி நிற்பதுபோல இருந்தது. மலைகளை மட்டும் யாரோ எடுத்துப் போய்விட்டார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மலையில் கண் முட்டி நின்று பழகியவளுக்கு, நான்கு பக்கமும் திறந்து கிடக்கும் ஊரில் கதவைச் சாத்தின பிறகும் வெளியே இருப்பதுபோலத்தான் இருந்தது.

கயலுக்கு மூன்று நாள் சேர்ந்தாற்போல விடுமுறை வந்தது. கார்ப் பயணத்துக்குப் பேர்போன பழைய அறுபத்தாறாம் எண் நெடுஞ்சாலை அந்த மாநிலத்தின் வழியாகத்தான் போகிறது. படம் வேண்டுமென்றால் அந்தச் சாலையில்தான் தேட வேண்டும் என்று அவள் சொன்னாள்.

முதல் நாள். பெரிய சாலையை விட்டு இறங்கியதும் பழைய சாலை தொடங்கியது. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன. புதியதில் லாரிகள் இரைந்துகொண்டு போகின்றன. பழையதில் வெகுநேரம் எங்கள் வண்டி மட்டும். கூடலூருக்குப் புறவழிச்சாலை வந்த பிறகு ஊருக்குள் இருந்த கடைகள் எப்படி ஆயினவோ அப்படி, இங்கே ஊர்கள் ஆகியிருந்தன. எழுத்துகள் உதிர்ந்த பெயர்ப்பலகைகள், சன்னலுக்குப் பலகை அடித்த கடைகள், புல் முளைத்த வாகன நிறுத்தம். ஒரு பெட்ரோல் பங்கின் கூரை அழகாக வளைந்து நின்றது. அதற்குக் கீழே பம்பு இல்லை, பம்பு இருந்த இடத்தில் நான்கு போல்ட்டுகள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன.

ஓடுகிற பங்கு ஒன்றில் கயல் வண்டியை நிறுத்தினாள். நான் கண்ணாடியை இறக்கிக் காத்திருந்தேன். நோட்டு அட்டைப் படங்களில் தொப்பி வைத்த ஆள் சிரித்துக்கொண்டே வந்து கண்ணாடியைத் துடைப்பான். யாரும் வரவில்லை.

"யாரம்மா தேடுற?"

"பெட்ரோல் போடுற ஆள."

"அது நாந்தான்" என்று கயல் இறங்கிப் போனாள். என் மகள் தன் வண்டிக்குத் தானே பெட்ரோல் ஊற்றுவதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு என்னவோ போல இருந்தது. நானும் இறங்கி, வாளியில் கிடந்த, ரப்பர் வைத்த துடைப்புக் கட்டையை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தேன்.

அன்று இரவு தங்கியது ஒரு மோட்டலில். நம் ஊரில் மோட்டல் என்றால் வெளியூர்ப் பேருந்து நிற்கும் இடம். பாட்டு அலறும், பரோட்டா காயும், ஓட்டுநருக்கு மட்டும் நல்ல சாப்பாடு கிடைக்கும். படுக்க இடம் கிடையாது. அங்கே நேர்மாறு. படுக்கை உண்டு, ஒரு வாய்ச் சாப்பாடு கிடையாது. வரிசையாகக் கதவுகள், ஒவ்வொரு கதவுக்கும் எதிரே ஒரு கார், வீட்டு வாசலில் மாட்டைக் கட்டினதுபோல. வரவேற்பு மேசையில் இருந்தவர் ஒரு குஜராத்தி அம்மா. அவருக்குப் பின்னால் சுவரில் அவர் மாமனாரின் படம், சந்தன மாலையோடு, கீழே சின்னச் சிவப்பு பல்போடு. நான் கும்பிட்டேன். அவர் கூடுதலாக ஒரு போர்வை தந்தார். அறையில் உட்கார்ந்து கட்டி வந்த எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டோம்.

இரண்டாம் நாள் காலை உணவு, அந்தக் காலத்திலிருந்து அப்படியே நடக்கும் ஒரு கடையில். நீண்ட மேடை, சுழலும் நாற்காலிகள். பரிமாறிய பெண்ணுக்கு என் வயதிருக்கும். தலைமுடியில் பென்சில் செருகியிருந்தாள். முட்டை, உருளைக்கிழங்கு, ஒரு துண்டு பன்றிக்கறி, கல்தோசை போலத் தடியான ஒன்றின் மேல் இனிப்புப் பாகு, பிறகு பால் ஊற்றாத கறுப்புக் காப்பி. கோப்பை பாதி காலியாகும்போதெல்லாம் கேட்காமலே வந்து ஊற்றினாள். வைத்ததை மிச்சம் வைப்பது மரியாதையில்லை என்று நானும் குடித்துக்கொண்டே இருந்தேன். நெஞ்சு படபடக்கத் தொடங்கியது.

"ஏம்மா இத்தன காப்பி?" என்றாள் கயல்.

"அவ நிறுத்த மாட்டேங்கிறாளேடி."

இலையை மடிக்கலாம், கோப்பையை என்ன செய்வது? கடைசியில் அதைக் கவிழ்த்துச் சாசரில் வைத்தேன். அந்தப் பெண் பார்த்தாள், தலையசைத்தாள், அதற்குப் பிறகு ஊற்றவில்லை. எங்கள் இருவருக்கும் புரிந்த ஒரே பேச்சு அதுதான்.

அடுத்து ஒரு பழம்பொருள் கடை, முன்பு பெட்ரோல் பங்காக இருந்த ஒரு கட்டடம். உள்ளே பழைய பாட்டில்கள், எண் பலகைகள், பொம்மைகள். மூலையில் செருப்புப் பெட்டிகள் நிறைய புகைப்படங்கள், ஒன்று எடுத்தால் ஒரு டாலர். பெட்டி மேல் ஒரு அட்டையில் ஏதோ எழுதியிருந்தது. கயல் படித்துச் சிரித்தாள்.

"'முன்னோர் இல்லையா? இங்கே எடுத்துக்கொள்ளுங்கள்'ன்னு எழுதியிருக்கும்மா."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எல்லாம் யாரோ ஒருவர் வீட்டுச் சுவரில், யாரோ ஒருவர் பீரோவில் இருந்தவை. அத்தனை பேரும் காரோடு நிற்கிறார்கள். காரின் மேல் கை வைத்து, காரின் மேல் கால் வைத்து, கார்க் கதவைத் திறந்து வைத்து. நம் ஊரில் புது ஜீப் வாங்கினவர்கள் மாலை போட்டு நிறுத்தி எடுத்துக்கொள்வார்களே, அதே நிற்பு.

ஐந்து படங்கள் எடுத்தேன். தொப்பிக்காரன் கண்ணாடி துடைக்கும் பங்கு. கார்க் கண்ணாடியில் தட்டு மாட்டும் பெண். ஆட்கள் ஏறும் வெள்ளிநிறப் பேருந்து. யாருமில்லாத சாலை. ஐந்தாவது, ஒரு குடும்பம். மோட்டல் பலகைக்குக் கீழே கார் நிற்கிறது. இடதுபக்கம் கதவோரம் கணவனும் மனைவியும், அவர் கையில் தொப்பி, அந்தம்மா கையில் பிளாஸ்க். வலதுபக்கம் பானெட்டின் மேல் ஒரு பையனும் ஒரு பெண்பிள்ளையும். அந்தப் பிள்ளை வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தது. திருப்பிப் பார்த்தேன். பெயரில்லை. பென்சிலால் ஆங்கிலத்தில் ஒரே ஒரு சொல்: 'நாங்கள்'.

திரும்பும் வழியில் டயர் பஞ்சர். கயலுக்கு மாற்றத் தெரியாது. எனக்குத் தெரியும், சிறுவயதில் அப்பாவுக்கு வீல் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவள். ஜாக்கியைச் சரியான இடத்தில் வைத்துவிட்டேன், நட்டுகள்தான் அசையவில்லை. சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஸ்பேனர் மேல் ஏறி நின்று மிதித்துக்கொண்டிருந்தபோது ஒரு பிக்கப் வண்டி நின்றது. இறங்கியவர் எழுபதைத் தாண்டியவர், அகலத் தொப்பி. ஒன்றும் கேட்காமல் நீளமான ஒரு குழாயைக் கொண்டுவந்து ஸ்பேனரில் செருகி அழுத்தினார். நட்டு கழன்றது.

எப்படி நன்றி சொல்வதென்று தெரியாமல் படங்களை எடுத்துக் காட்டினேன். குடும்பப் படத்தை அவர் வெகுநேரம் கையில் வைத்திருந்தார். அவர் சொன்னதைக் கயல் சொல்லச் சொல்லக் கேட்டேன்.

"இதே வண்டி எங்கப்பாவிடம் இருந்தது. வேறு நிறம். பின்சீட்டுக்குப் பின்னால் கண்ணாடியோரம் ஒரு மேடை இருக்கும், நான் அதில் படுத்துக்கொண்டு வருவேன். சன்னலோரத்துக்கு என் தங்கை தினமும் சண்டை போடுவாள்." பானெட் மேல் இருந்த பையன் மேல் விரலை வைத்தார். "இவனுக்கு என் வயதுதான் இருக்கும்."

"இவர்களைத் தெரியுமா?" என்று கேட்கச் சொன்னேன்.

தெரியாது என்று தலையாட்டினார். படத்தைக் கொடுக்க மனமில்லாமல் கொடுத்துவிட்டுப் போனார்.

நான் நான்காம் வகுப்பில் ஏங்கியது இந்த நாட்டுக்குத்தான். வந்து பார்த்தால், இந்த ஊர்க்காரர்களும் அதே படங்களைக் கையில் வைத்துக்கொண்டு அதே நாட்டுக்கு ஏங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

மூன்றாம் நாள் மழை. வீட்டிலேயே இருந்தோம். கயலுக்கு வத்தக்குழம்பு வைத்துக் கொடுத்தேன்.

பள்ளி திறப்பதற்கு முன் ஊர் வந்து சேர்ந்தேன். படங்களை முருகேசனிடம் கொடுத்ததும் ஒவ்வொன்றாகக் கையில் பிடித்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தட்டு மாட்டும் பெண்ணைப் பார்த்ததும் என்னைப் பார்த்தான்.

"இப்பக் குடுத்துட்டக்கா" என்றான்.

படங்களைப் பெரிதாக்கிச் சட்டம் போட, கம்பத்தில் கண்ணாடி பிரேம் போடும் ஒருவரிடம் கொடுத்தான். ஆனி மாதம் ஒரு வளர்பிறை முகூர்த்தத்தில் கடை திறப்பு. அதற்கு முந்தின நாள் சாயங்காலம் பள்ளியிலிருந்து நேராகக் கடைக்குப் போனேன். வாசலில் பெயர்ப்பலகை ஏறியிருந்தது: முருகேசன் மோட்டல். உள்ளே புது அடுப்பு, புதுப் பாத்திரம். பாண்டியம்மாள் மட்டும் வெளியே, தண்ணீர் டிரம் மேல் உட்கார்ந்திருந்தாள்.

"இங்கன வந்து பாருங்க மதினி, ஒங்க தம்பி பண்ணி வச்சிருக்கிற காரியத்த."

நான்கு படங்கள் ஒழுங்காக இருந்தன. ஐந்தாவது மற்றவற்றைப் போல இரண்டு மடங்கு பெரியது. குடும்பத்தின் குறுக்கே சந்தனச் சீவல் மாலை தொங்கியது. சட்டத்தின் அடியில் சின்னச் சிவப்பு பல்பு எரிந்தது. அதற்குக் கீழே தங்க எழுத்தில் 'தோற்றம்', கொஞ்சம் இடம், 'மறைவு', கொஞ்சம் இடம்.

முருகேசன் போனை ஒலிபெருக்கியில் வைத்துப் பிரேம்காரரிடம் கத்திக்கொண்டிருந்தான்.

"ஏலே, ஒன்ன யாருடா மாலை போடச் சொன்னா?"

"அண்ணே, பழைய கறுப்பு வெள்ளப் படம். நாலு பேரு, பக்கத்துல காரு. பெருசு பண்ணுங்கிறீக. நான் என்னண்ணே நெனப்பேன்? மலை மேல எஸ்டேட்டுத் தொரை குடும்பம், காரு கவுந்து நாலு பேரும் ஒண்ணாப் போயிட்டாகன்னு நெனச்சேன். மனசு கேக்கலண்ணே. மாலைக்கு நான் காசுகூடப் போடல."

"தேதி என்ன போடன்னு கேட்டியேடா!"

"நீங்கதானண்ணே வெறுமன விடுன்னீக?"

கடை திறக்கும் தேதியைத்தான் கேட்கிறான் என்று முருகேசன் நினைத்திருக்கிறான். போனை வைத்துவிட்டு ஸ்டூலை இழுத்தான்.

"சரி விடு. மாலையக் கழட்டிட்டாப் போச்சு."

"தொடாதீக!" பாண்டியம்மாள் எழுந்து வந்துவிட்டாள். "போட்ட மாலையக் கழட்டி எங்க வப்பீக, குப்பையிலயா? கம்பத்துக் கடையில என்ன நடந்துச்சுன்னு மறந்துபோச்சா? தொடங்குறப்பயே கண்ணாடிக் கதவு ஒடஞ்சுச்சு. ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னீக. ஒரு வருசத்துல ஒண்ணுமே இல்லாமப் போச்சு." பிறகு என் பக்கம் திரும்பினாள். "யாரு மதினி இவுக? செத்துட்டாகளா, இருக்காகளா? அத மட்டும் சொல்லுங்க."

"தெரியாது பாண்டியம்மா."

"தெரியாமயா அம்புட்டுத் தூரத்துல இருந்து தூக்கியாந்தீக?"

பெயர்ச் சீட்டு இல்லாத எந்தப் பாட்டிலையும் என் ஆய்வகத்தில் ஒரு நாள்கூட வைத்ததில்லை. இந்த நான்கு பேரை எந்தச் சீட்டும் இல்லாமல் வாங்கி வந்திருந்தேன்.

"செத்தவுகளா இருந்தா அவுகளக் கேக்காம நம்ம கடையில தொங்கவிட்டிருக்கோம்" என்றாள் பாண்டியம்மாள். "இருக்கிறவுகளா இருந்தா அதவிடப் பாவம். உசுரோட இருக்கிற பச்சப் பிள்ளைகளுக்கு மாலை போட்டு, மறைவுன்னு எழுதி, தேதிக்கு எடமும் விட்டு வச்சிருக்கீக. எடம் விட்டா வந்து நிக்கும். இதுக்கு ஒரு வழி தெரியாம நான் நாளைக்கு அடுப்பப் பத்த வைக்க மாட்டேன். எங்க அண்ணனுக்குப் போனப் போடுங்க, நான் கெளம்புறேன்."

முருகேசன் ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டான்.

நான் கயலைக் கூப்பிட்டேன். அங்கே விடிந்துகொண்டிருந்தது. அந்தப் பழம்பொருள் கடை திறந்ததும் கேட்டுச் சொல்வதாகச் சொன்னாள். நாங்கள் மூவரும் அந்தச் சிவப்பு பல்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவள் திரும்பக் கூப்பிட்டபோது நன்றாக இருட்டிவிட்டிருந்தது. யாரோ வீட்டைக் காலி செய்தபோது பெட்டியோடு வந்த படங்கள். யார் வீடு என்று கடைக்காரிக்குத் தெரியாது.

அப்போதுதான் டயர் மாற்றிக் கொடுத்தவர் ஞாபகத்துக்கு வந்தார். அவர் விரல் வைத்த இடத்தைப் பாண்டியம்மாளுக்குக் காட்டி, சொன்னதைச் சொன்னேன்.

"அந்த ஆளுக்கு எழுபத்தஞ்சு இருக்குமா?"

"இருக்கும்."

"திடமா இருந்தாகளா?"

"நானும் கயலும் அசைக்க முடியாத நட்ட ஒரே அழுத்துல கழட்டிட்டாரு."

"அப்ப இந்தப் பிள்ளைகளும் இருப்பாக" என்றாள். "இருக்காகன்னே வச்சுக்குவோம். பெரியவுக ரெண்டு பேரும் நூறத் தாண்டியிருக்கணும், அவுக போயிருப்பாக." படத்துக்குப் பக்கத்தில் போய், இடதுபக்கத்தையும் வலதுபக்கத்தையும் துணி அளப்பதுபோலப் பார்த்தாள். "பெரியவுகளுக்கு எலை போட்டுப் படைச்சிருவோம். பிள்ளைகளுக்குத் திருஷ்டி சுத்திப் போட்டுருவோம். ரெண்டும் செஞ்சுட்டா யாருக்கும் கொறையில்ல."

முருகேசன் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

அவளே ஸ்டூலில் ஏறி, மாலையின் ஒரு நுனியை அவிழ்த்து, பெரியவர்கள் இருவர் மேல் மட்டும் தொங்கும்படி மடித்துக் கட்டினாள். பிள்ளைகள் வெளியே வந்தார்கள். முருகேசன் பிளேடால் தங்க எழுத்துகளைச் சுரண்டி எடுத்தான்.

"மதினி, காலையில அவுக என்ன சாப்புடுவாக?"

சொன்னேன். முட்டை, உருளைக்கிழங்கு, தோசை மாதிரி ஒன்று, பாகு, கறுப்புக் காப்பி, பன்றிக்கறி.

"பன்னியா? மொத நாளு, மொத எலையிலயா?"

"அவுகளுக்குத்தானக்கா புடிக்கணும்" என்றான் முருகேசன் என்னிடம்.

"நீங்க வாய மூடுங்க. கோழி வச்சா வேணாம்னா சொல்லப்போறாக."

மறுநாள் விடியற்காலை கடைக்குள் விளக்கேற்றி, முதலில் பால் காய்ச்சினாள். பால் கிழக்குப் பக்கம் பொங்கி வழிந்தது. பிறகு அதே அடுப்பில் சமைத்தாள். படத்துக்குக் கீழே தலைவாழை இலை. அதில் தடியான கல்தோசை இரண்டு, மேலே ஏலக்காய் போட்ட வெல்லப்பாகு, அவித்த முட்டை, உருளைக்கிழங்கு, கோழி வறுவல், எங்கள் தோட்டத்துப் பன்னீர் திராட்சை ஒரு கொத்து. பக்கத்தில் தம்ளரில் பாலில்லாத காப்பி. சாம்பிராணி போட்டு, தண்ணீர் தெளித்துவிட்டு நிமிர்ந்தவள், தயங்கினாள். படையலில் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும்.

"பேரு தெரியல, மன்னிச்சுக்கங்க" என்றாள் படத்திடம். "ரொம்பத் தூரம் வந்துட்டீக. சாப்புட்டுப் போங்க."

கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றோம். மலைமேல் மஞ்சு மூட்டம் இறங்கியிருந்தது. முருகேசன் கண்ணைத் துடைத்துக்கொண்டான், புகை என்றான்.

பிறகு உப்பும் மிளகாய் வற்றலும் எடுத்துப் பிள்ளைகள் இருவர் முகத்துக்கும் நேரே மூன்று முறை சுற்றி, வெளியே மூட்டியிருந்த தேங்காய்மட்டை நெருப்பில் போட்டாள். வெடித்தது. மூவரும் முகர்ந்து பார்த்தோம்.

"நெடியே வரல பாருங்க மதினி. எம்புட்டுக் கண்ணு அந்தப் பிள்ளைக மேல!" என்றாள், வெற்றிபெற்றவளைப் போல.

மலைக்குப் போகும் முதல் ஜீப் வந்து நின்றது. உள்ளே ஏலத் தோட்டத்துக்குப் போகும் பெண்கள், ஒருவர் மடியில் ஒருவராக. முருகேசன் புதிதாகச் செய்துவைத்த கொக்கித் தட்டில் இட்லியை வைத்துக்கொண்டு ஓடினான். அங்கே போய் நின்றுவிட்டான். ஜீப்புக்குப் பக்கவாட்டில் கண்ணாடி ஏது? படுதாதானே. கொக்கியை மாட்ட ஓரிடமும் இல்லை. எத்தனை வருடம் ஜீப் ஓட்டியவன், ஒரு தடவைகூட இதை யோசிக்கவில்லை.

"என்னப்பா, தட்டையும் சேத்து விக்கிறியா?" என்றாள் ஒருத்தி. வண்டி முழுக்கச் சிரிப்பு.

அவன் தட்டை இரண்டு கையாலும் ஓட்டுநருக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றான். ஓட்டுநர் ஸ்டியரிங்கில் ஒரு கையை ஊன்றியபடி சாப்பிட்டார். நான் வாசலில் நின்று பார்த்தேன். முருகேசன் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் இரண்டு பேருக்குமே கஷ்டமாக இருந்திருக்கும்.

அந்தப் பெண்களில் ஒருத்தி தண்ணீர் பிடிக்க உள்ளே வந்து, படத்தைப் பார்த்து, செருப்பைக் கழற்றினாள்.

"யாரு பாண்டியம்மா இவுக? ஒங்க வகையறாவா?"

"எங்க கடையில மொத சாப்பாடு சாப்புட்டவுக" என்றாள் பாண்டியம்மாள், தோசையைத் திருப்பிப் போட்டபடி.

அன்று மாவு மத்தியானமே தீர்ந்துபோனது. இரண்டாவது முறை அரைத்தார்கள்.

மறுநாள் காலை, பள்ளிக்குப் போகும் முன் கடைக்குப் போனேன். பாண்டியம்மாள் முதல் வேலையாக டிகாஷன் இறக்கி, பால் சேர்க்காமல் ஒரு தம்ளர் ஊற்றிப் படத்துக்குக் கீழே வைத்தாள். அடுத்த தம்ளர் எனக்கு. குடித்து முடித்ததும் மறுபடியும் ஊற்ற வந்தாள். என் தம்ளரைக் கவிழ்த்து வைத்தேன். படத்துக்குக் கீழே இருந்ததை யாரும் கவிழ்க்கவில்லை.